கடைசி நாளில் வைத்த மரம்

2006 வாக்கில் நடந்தது இது. துபாய் கராமாவில் ஒரு சின்ன டிராவல் ஏஜென்சியில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். டிக்கெட் போடுவதுதான் வேலை. ஆனால் அமெரிக்கா போகிற ஆட்கள் வந்து, அங்கே காரில் எங்கெல்லாம் சுற்றலாம் என்று கேட்டால், மேனேஜர் நேராக என் மேசைக்குத்தான் அனுப்புவார். எந்த நாள் எந்த ஊர், எங்கே நின்று போட்டோ எடுப்பது, எந்த ரோட்டில் போனால் வேடிக்கை அதிகம் என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுப்பேன். நன்றாக இருந்தது என்று திரும்பி வந்து சொன்னவர்களும் உண்டு.

இதில் ஒரு சின்ன விஷயம். நான் அமெரிக்காவைப் பார்த்ததே இல்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு கைடு, ஒரு பெரிய மடக்கு மேப், இன்டர்நெட்டில் பிரிண்ட் எடுத்த தாள்கள், அவ்வளவுதான் என் அமெரிக்கா. ரூமில் கூட இருந்த பையன்கள் என்னை 'ஷார்ஜா தாண்டாத அமெரிக்கா' என்று கூப்பிடுவார்கள். ஆனால் கஸ்டமர் யாரும் நீ போயிருக்கிறாயா என்று கேட்டதில்லை. நானாகச் சொன்னதும் இல்லை. சொல்லாமல் விடுவது பொய்யில் சேராது என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

எங்கள் ஆபீஸுக்கு இரண்டு கடை தள்ளி ஒரு சூட்கேஸ் கடை. காயல்பட்டினத்துக்காரர் நடத்தினார். அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், அந்த வழக்கப்படி எல்லோரும் அவரைக் காக்கா என்போம். அவருடைய மனைவி மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்து, சாயங்காலம் வரைக்கும் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். எங்களுக்கு அவர் லாத்தா, அதாவது அக்கா. ரூம் சாப்பாடு சாப்பிடுகிற எனக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் வீட்டு நெய்ச்சோறு வரும்.

அந்த வருஷம் மே மாதம் காக்கா என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். லாத்தாவுக்குக் கண்ணில் ஒரு வியாதி. பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறதாம். மருந்து கிடையாது, பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"எங்க ஊட்டுல ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறா தம்பி. அவ தம்பி அந்தப் பெரிய மரத்தடியில நின்னு போட்டோ அனுப்பியிருந்தான்ல, அந்த மரத்தைப் பாக்கணுமாம்."

லாத்தாவின் தம்பி லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் வேலைக்குப் போய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆபீஸ் ஆட்களோடு பஸ்ஸில் போய், உலகத்திலேயே பெரிய மரங்கள் நிற்கிற அந்த மலைக்காட்டில் எடுத்த படம் அது. மரத்தடியில் அவர் எறும்பு மாதிரித் தெரிவார். லாத்தா அதைக் கல்லாவில் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தார். ஜூலையில் தம்பிக்கு இரண்டு வாரம் லீவு. நேராகக் கூட்டிப்போய் மரத்தைக் காட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்கிறாராம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று காக்கா கேட்டார்.

சரி, போய்வாருங்கள் என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"ஜூலையிலயா? அந்த ஊர் ரோடெல்லாம் பாலைவனம் காக்கா. லாத்தாவை வச்சுக்கிட்டு அந்த வெயில்ல போவாங்களா? நவம்பர்ல போங்க, ராஜா மாதிரி இருக்கும்" என்றேன்.

வளைகுடாவில் இருக்கிறவனுக்கு வேறு எப்படி யோசிக்க வரும்? ஜூலை என்றால் வெளியே தலை காட்ட முடியாத மாதம். நவம்பர் என்றால் ஏசியை அணைத்துவிட்டு, ஹத்தா, புஜைரா என்று மலைப்பக்கம் பிரியாணிச் சட்டியோடு கிளம்புகிற மாதம். காக்காவுக்கும் அது தோதாகப் பட்டது. ஜூன், ஜூலையில்தான் ஊருக்குப் போகிறவர்கள் சூட்கேஸ் வாங்குவார்கள், கடையை விட முடியாது. நோன்புப் பெருநாள் முடிந்து போகலாம் என்று முடிவாயிற்று. நவம்பரில் தம்பிக்கு ஐந்து நாள்தான் லீவு கிடைக்கும். அது போதும் என்று சொன்னதும் நான்தான்.

அதோடு விட்டேனா? இவ்வளவு தூரம் போய் வெறும் மரத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவதா என்று எனக்கு ஆற்றாமை. முதல் நாள் லாஸ் வேகாஸ், அப்புறம் டெத் வேலி என்கிற பாலைவனப் பள்ளத்தாக்கு, அடுத்து ஒரு பெரிய ஏரி. நாலாவது நாள் உயரமான ஒரு மலைப்பாதை வழியாக ஏறி இறங்கினால் மரம். பாயசம் கடைசியில்தானே போடுவார்கள் என்று லாத்தாவிடம் பெருமையாகச் சொன்னேன். அந்த மலைப்பாதை குளிர்காலத்தில் மூடப்படும் என்று கைடில் ஓரமாகப் பொடி எழுத்தில் போட்டிருந்தது. நான் படிக்காமல் இல்லை. குளிர்காலம் என்றால் ஜனவரி என்று நினைத்துக்கொண்டேன்.

மே முதல் நவம்பர் வரை லாத்தாவின் கண் எனக்காகக் காத்திருக்கவில்லை. செப்டம்பரில் கடைப் படியில் தடுக்கி விழுந்தார். அக்டோபரில் கஸ்டமர் பக்கவாட்டில் வந்து நின்றால் அவருக்குத் தெரியவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். இன்னும் ஒரு மாதம்தானே லாத்தா என்று நான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் கடைசியில் திரும்பி வந்தார்கள். கடை திறந்திருப்பதைப் பார்த்ததும் ஓடினேன். உண்மையைச் சொன்னால், பாராட்டு வாங்கத்தான் ஓடினேன். காக்கா என் கையில் ஒரு பை சாக்லேட்டைத் திணித்தார். எல்லாம் நல்லபடி முடிந்தது என்றார். பக்கத்தில் இருந்த ஒருவரிடம், இந்தத் தம்பிதான் எங்களுக்கு வழி போட்டுக் கொடுத்தது என்று சொல்லவும் செய்தார். அப்புறம் ஆல்பத்தை எடுத்துக் கொடுத்தார்.

விளக்கு விளக்காக லாஸ் வேகாஸ். மணல், உப்புத் தரை, ஏரி. அதற்கு அடுத்து, ரோட்டுக்குக் குறுக்கே பூட்டிய ஓர் இரும்புக் கேட். அதற்கு அந்தப் பக்கம் எல்லாம் வெள்ளை. கேட்டுக்கு முன்னால் யாருடையதோ பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு லாத்தா நிற்கிறார். ஆல்பம் அதோடு முடிந்துவிட்டது. நான் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன்.

"போன வாரமே மூடிட்டாங்களாம் தம்பி. இனி மே மாசம்தான் தொறப்பாங்களாம்" என்றார் காக்கா.

சுற்றிக்கொண்டு போக இன்னொரு நாள் வேண்டும். பனியில் ஓட்டி லாத்தாவின் தம்பிக்குப் பழக்கமில்லை, அவருக்கு லீவு முடிந்து டூட்டி, இவர்களுக்கு ஃபிளைட். வந்த வழியே இறங்கிவிட்டார்களாம். காக்காவின் குரலில் கோபமே இல்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அடுத்த மே மாதம் போகலாம் என்று நான் ஏதோ உளறினேன். காக்கா கல்லாப் பக்கம் பார்த்தார். லாத்தாவுக்கு முன்னால் பால் விடாத சுலைமானி டீ இருந்தது. அதை எடுக்கக் கை நீட்டினார். கை கிளாஸைத் தாண்டிப் போய், மேசையைத் தடவி, திரும்பி வந்து அதைப் பிடித்தது. மே மாதம் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, என் சட்டையில் பட்டன் மாறியிருப்பதைச் சுட்டிக்காட்டிச் சிரித்தவர் அவர்.

"யாரு, அமெரிக்காத் தம்பியா?" என்றார். பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார். "நீங்க எத்தனையோ பேரை அனுப்பி வச்சிருக்கீங்கள்ல. அந்த மரம் கிட்டப் போனா எப்படி இரிக்கும்? சொல்லுங்களேன்."

எனக்குத் தெரிந்ததெல்லாம் கைடில் இருந்த உயரமும் சுற்றளவும்தான். பட்டை எப்படி இருக்கும், வாசனை உண்டா, நிமிர்ந்து பார்த்தால் வானம் தெரியுமா, ஒன்றும் எனக்குத் தெரியாது.

"நான் போனதே இல்ல லாத்தா" என்றேன்.

காக்கா என்னைப் பார்த்தார். லாத்தா என் கை எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நீங்களும் பாக்கலையா?" என்றார். அவர் குரலில் இருந்தது இரக்கம். எனக்காக அவர் வருத்தப்பட்டார். ஆபீஸுக்குப் போகாமல் பின்பக்கச் சந்தில் நின்று அழுதேன்.

அடுத்த மே மாதம் அந்தப் பாதையைத் திறந்திருப்பார்கள். அதற்குள் காக்கா கடையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, லாத்தாவைக் கையைப் பிடித்து ஊருக்குக் கூட்டிப் போய்விட்டார். டிக்கெட் போட்டது நான்தான். போகும்போது அந்தப் போட்டோவைக் கல்லாக் கண்ணாடிக்கு அடியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். மறந்தார்களா, வேண்டாம் என்று விட்டார்களா என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை. புதிய கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

இன்றும் பயணத் திட்டம் எழுதித்தான் பிழைக்கிறேன். யார் வந்து கேட்டாலும், நான் அங்கே போனதில்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு, எதைப் பார்க்க ஆசைப்பட்டுக் கிளம்புகிறீர்கள் என்று கேட்டு, அதை முதல் நாளிலேயே எழுதிவிட்டுத்தான் மற்ற ஊர்களுக்குப் பேனாவை எடுக்கிறேன்.