பஞ்சு மீசைப் பூதம்

அவர் விசைத்தறியில் வேலை பார்ப்பவர். மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகளைக் கூட்டிப்போக சாயங்காலம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவார். மீசையில் எப்போதும் வெள்ளையாய்ப் பஞ்சு ஒட்டியிருக்கும். கேட்டில் நின்று "ஏட்டி, வா போவோம்!" என்று அவர் போடுகிற சத்தத்தில், டீச்சர்கள் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம்.

அந்த வருஷம் பிள்ளைகள் டேப்லெட்டில் படம் வரைந்து, தங்கள் குரலிலேயே கதை சொல்லி, ஆளுக்கொரு புத்தகம் போட்டார்கள். அவர் மகள் செய்தது கத்துகிற பூதத்தின் கதை. பதிவு செய்யும்போது "இன்னும் சத்தமாக் கத்து மக்கா" என்று தூண்டிவிட்டது நான்தான்.

வெளியீட்டு நாளில் அவர் டேப்லெட்டைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டார். பூதம் "ஏட்டி!" என்று கத்தியதும் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு படத்தைப் பார்த்தார். பூதத்தின் மீசையில் வெள்ளைப் பஞ்சு. அவர் கை தன் மீசைக்குப் போனது.

"கோவத்துல கத்துதது இல்ல டீச்சர்," என்றார் மெதுவாக. "தறிச் சத்தத்துக்குள்ள பேசிப் பேசி தொண்டை இப்படி ஆயிட்டு. பிள்ளைக்கு அது தெரியாதுல்லா."

தெருவுக்குத் தெரு தறி ஓடுகிற சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு எனக்கும் அது தோன்றியதில்லை. டேப்லெட்டின் சத்தத்தைக் குறைத்தேன்.

மறுநாள் மீசையைத் துடைத்துவிட்டு வந்திருந்தார். கூப்பிடவில்லை. மகள் முதுகைக் காட்டி விளையாடிக்கொண்டிருக்க, கேட்டில் நின்று கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். நானாவது அவளைக் கூப்பிட்டிருக்கலாம்.