காற்றில் ஆறும் என்ஜினுக்கு என்ன எண்ணெய்

எண்ணெய் விஷயத்தில் மனிதன் செய்கிற அசிங்கத்தை மெக்கானிக்காக இருந்தவனிடம் கேட்க வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் சோழவரத்தில், கல்கத்தா போகும் ரோட்டின் ஓரமாக எனக்கு ஒரு ஓலைக் கொட்டகை இருந்தது. வருவது லாரியும் டிராக்டரும்தான். எல்லாவற்றின் அடியிலும் புளித்துப்போன கறுப்பு எண்ணெய் கொழகொழவென்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுரண்டிச் சுரண்டி என் நகக்கண்ணெல்லாம் கறுத்துப்போயிருந்தது. அந்தக் கையாலேயே சோறு தின்போம்.

அந்தக் கொட்டகைக்குப் பொன்னேரியிலிருந்து ஒரு எண்ணெய் மில் முதலாளி ஒரு காரைக் கொண்டுவந்தார். டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்தார். ரெண்டே பேர் உட்காரக்கூடிய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். ஊருக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரன் ஒருவன் மெட்ராசில் விட்டுவிட்டுப் போனது. என்ஜின் பின்பக்கம் இருக்கும். ரேடியேட்டர் கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. காற்று பட்டுத்தான் ஆற வேண்டும். உள்ளே எலி குட்டி போட்டிருந்தது.

ஒன்பது மாதம் அதைப் பிரித்துப் பூட்டினேன். பேரிங் செட் மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. கடைசியில் கப்பலில் வேலை செய்த ஒருவர் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அது போனால் இன்னொன்று கிடைக்காது என்று முதலாளிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் வருஷா வருஷம் நடக்கும் பந்தயத்தில் இந்தக் காரை நான்தான் ஓட்டுவேன்.

பல வருஷமாக நான் அங்கே அடுத்தவன் காருக்குச் சக்கரம் மாட்டியவன். கண்ணாடி துடைத்தவன். மூக்குச் சளியைத் துடைக்கக் கைக்குட்டை எடுத்துக் கொடுக்க ஆள் வைத்திருக்கும் பணக்காரப் பையன்கள் ஓட்டுவதைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவன். ஒரு தடவையாவது கயிற்றுக்கு அந்தப் பக்கம் போக வேண்டும் என்று எனக்கு வெறி. முதலாளி சரி என்றார். என் பெயரையும் கொடுத்தாயிற்று.

மிச்சம் இருந்தது எண்ணெய்தான். தண்ணீர் இல்லாத என்ஜினில் பாதிச் சூட்டை எண்ணெய்தான் சுமந்துகொண்டு போக வேண்டும். நம் ஊர் வெயிலில் மெல்லிசு எண்ணெய் கஞ்சித் தண்ணியாகிவிடும். ரொம்பக் கெட்டி என்றால் காலையில் கிளப்பும்போது மேலே ஏறாது. காரோடு வந்த புத்தகத்தில் முப்பதாம் நம்பர் என்று போட்டிருந்தது; நம்பர் ஏற ஏறக் கெட்டி. அது குளிர் தேசத்துக்காரன் எழுதியது. நான் நாற்பது என்று முடிவு செய்தேன். டீ குடிக்க வந்த லாரி டிரைவர்கள் ஐம்பது ஊற்று என்றார்கள். ஒரு மகராசன் டிராக்டர் கியருக்கு ஊற்றும் தொண்ணூறையே ஊற்றச் சொன்னான். வாய் இருக்கிறது, பேசுகிறான்.

புதுவாயலில் ஒரு வியாபாரி கம்பெனி டப்பா மலிவாகத் தருகிறான் என்று கேள்விப்பட்டுப் போனேன். கடையின் பின்பக்கம் போகாமல் இருந்திருந்தால் வாங்கிக்கொண்டே வந்திருப்பேன். அங்கே பாதியாக அறுத்த டிரம்முகளில் லாரியில் வடித்த பழைய எண்ணெய். மேலே ஈயும் பூச்சியும் செத்து மிதக்கின்றன. ஒருத்தன் தன் பனியனைக் கழற்றி, வேர்வை நாற்றத்தோடு, அதையே வடிகட்டியாகப் போட்டு ஊற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பழைய டப்பாக்களுக்குப் புது மூடி பற்றவைக்கிறார்கள். வியாபாரி என்னைப் பார்த்துவிட்டுக் கொஞ்சமும் கூசாமல் விரலை விட்டு நக்கிக் காட்டினான்.

"தேன் மாறி கீது. நீயும் நாக்குல வெச்சிப் பாரேன்."

ரோட்டுக்கு வந்து துப்பினேன். அப்புறம் செங்குன்றம் பெட்ரோல் பங்கில், மூடியை என் கண்ணெதிரில் திறக்கச் சொல்லி, நாற்பதாம் நம்பர் வாங்கி வந்து ஊற்றினேன். என்ஜின் தையல் மெஷின் மாதிரி ஓடியது.

முதலாளிக்கு மட்டும் முகம் சுருங்கிப்போயிற்று.

"இன்னா நைனா, எண்ணெ மில்லு வெச்சிகினு நானு டப்பா எண்ணெ வாங்கறதா? ஊர்ல நாலு பேரு சிரிக்க மாட்டான்?"

"மொதலாளி, உங்க மில்லுல ஆட்றது சாப்புட்ற எண்ணெ. இது வேற."

"ஆமணக்கும்தானே ஆட்றோம்? ரேஸ் வண்டி போவசொல்ல இன்னா வாசனை வருது? நம்ப மில்லு வாசனை. வெள்ளைக்காரன் வண்டிக்கே அதான் ஊத்தறான்."

அவர் சொன்னதில் பாதி நிஜம். பந்தயக் கார்கள் சிலவற்றில் ஆமணக்கெண்ணெய்தான் ஊற்றுவார்கள். ஓடுதளம் பூராவும் அந்த வாசனை அடிக்கும். ஆனால் அது கசடெல்லாம் நீக்கியது. மற்ற எண்ணெய் ஒரு சொட்டு இருக்கும் என்ஜினில் அதை விடக்கூடாது. ரெண்டும் சேராது, கூழாகி பம்பின் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும். இதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். "சர்தாம்பா" என்றார். அத்தோடு விட்டுவிட்டேன்.

பூஜை போட வேண்டும் என்று முந்தின நாளே மில்லுக்குக் கொண்டுபோயிருந்த காரை, பந்தயத்தன்று காலையில் ஓடுதளத்துக்கு அவரே ஓட்டிவந்தார். புது வேட்டி. முன்னால் மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். ஒரு மணி நேரத்தில் பயிற்சிச் சுற்று. அதில் ஓட்டாதவனுக்குப் பந்தயம் கிடையாது. வழக்கம்போல எண்ணெய் அளவு பார்க்கக் கம்பியை உருவினேன்.

அளவுக்கோட்டுக்கு மேலே நின்றது எண்ணெய். நுனியிலிருந்து மூக்குச் சளி மாதிரி நூலாக இழுத்துக்கொண்டு தொங்கியது. முகர்ந்தேன். ஆமணக்கு.

எல்லாவற்றையும் வடித்து, சல்லடையைக் கழற்றிக் கெரசினில் கழுவி, புது எண்ணெய் ஊற்ற அரை நாளாகும். முதலாளியைப் பார்த்தேன். அவர் தெரிந்தவர்களிடம் காரைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் கம்பியைத் துணியில் துடைத்து மறுபடி உள்ளே செருகினேன். பக்கத்துக் காரிலிருந்து வருகிற வாசனை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு சுற்றுதானே, தாங்கும் என்றும் சொல்லிக்கொண்டேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் போனேன்.

முதல் ரெண்டு சுற்று சொர்க்கம். அதை மறுக்க மாட்டேன். மூன்றாவதில், எண்ணெய் மேலே ஏறவில்லை என்று காட்டும் சின்ன விளக்கு ஸ்டியரிங்குக்கு முன்னால் எரிந்தது. அப்போது சாவியைத் திருப்பியிருந்தால் பேரிங் பிழைத்திருக்கும். நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன். பின்னால் உரலில் கல்லைப் போட்டு இடித்த மாதிரி சத்தம் கேட்டது, சக்கரம் பூட்டிக்கொண்டது, கார் கிரீச்சென்று புல்லுக்குள் போய் நின்றது. கரிந்த ஆமணக்கின் புகை தொண்டையில் பிசுபிசுவென்று ஒட்டியது.

முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால், அத்தனை பேர் நடுவில், நான் கத்தினேன்.

"இன்னாய்யா ஊத்தின? சொல்லு, இன்னா ஊத்தின?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அரைப் படிதாம்பா. நம்ப மில்லுதுதான். மொத தரம். பந்தயத்துல நல்லா ஓடட்டும்னு..."

"அறிவு கீதா உனக்கு? படிச்சிப் படிச்சிச் சொன்னேனே. ஒன்பது மாசம் போச்சு. பேரிங் போச்சு. பணம் இருந்தா மூளை வந்துடுமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் அப்பா வயது அவருக்கு. என்னுடைய கறுத்த கை ரெண்டையும் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கோ நைனா. உன் ஆசைய நானே கெடுத்துட்டேன்."

கம்பியை உருவியபோதே எனக்குத் தெரியும் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன், அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தக் கார் ஓடவே இல்லை. மில்லுக்கு வருகிறவர்களிடமெல்லாம், புத்தி கெட்டுப்போய் ஒரு நல்ல வேலைக்காரனின் வாழ்க்கையைப் பாழாக்கிவிட்டேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தாராம். சொல்லக் கேட்டவர்கள் என்னிடம் வந்து சொல்வார்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் என் வீட்டுக்கு ஒரு டின் கடலையெண்ணெய் அனுப்புவார். அவர் சாகும்வரை அது நிற்கவில்லை. என் மனைவி அதில் வடை சுடுவாள். வேண்டாம் என்று நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, தின்றேன்.