குழாய் கடிக்குது என்றாள் அக்கா

போன வாரம் பரளச்சியிலிருந்து அக்கா மகன் முருகேசன் போன் செய்தான். அம்மாவை மதுரைக்குக் கூட்டி வருகிறானாம். நல்ல நரம்பு டாக்டராகப் பார்த்து வைக்க வேண்டுமாம்.

விஷயம் இதுதான். குழாயைத் தொட்டால் 'சுர்'ரென்று கடிக்கிறது என்கிறாள் அக்கா. மச்சான் இறந்து ஏழு மாதம் ஆகிறது. அவர் நடத்திய பருப்பு மில்லின் பின்கட்டில்தான் வீடு. மில்லை இப்போது முருகேசன் பார்த்துக்கொள்கிறான். அம்மா சொன்ன அன்று சாயங்காலமே குழாயில் டெஸ்டர் வைத்துப் பார்த்திருக்கிறான், ஒன்றும் எரியவில்லை. அருப்புக்கோட்டை டாக்டர் சத்து மாத்திரை கொடுத்தார். அப்புறம் தூக்க மாத்திரை.

வாராவாரம் பேப்பரில் எழுதுகிற நான்? இன்னும் மோசம். "துக்கம் ஒடம்புல எங்கயாச்சும் காட்டத்தான்க்கா செய்யும்" என்று போனில் தத்துவம் பேசியவன்.

மதுரைக்கு வர வேண்டாம், நானே வருகிறேன் என்று கிளம்பினேன். போய்ச் சேரும்போது மில் ஓடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கால் கழுவக் குழாயைப் பிடித்தேன்...

முழங்கை வரை ஒரு இழுப்பு. கையை உதறிக்கொண்டு பின்னால் விழப் பார்த்தேன். அக்கா ஓடி வந்தாள். 'இப்பவாவது நம்புறியா' என்று கேட்கவில்லை. என் கையைப் பிடித்துத் தேய்த்துவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீரசோழனில் இருந்து எலக்ட்ரீசியன் காதர் பாயை வரவழைத்தோம். மில்லுக்கென்று தனி டிரான்ஸ்பார்மர் வைத்தபோது வேலை பார்த்தவர். பையைக் கீழே வைக்கும் முன்பே அக்காவிடம் கேட்டார்: "எப்பெப்பக்கா அடிக்குது?"

"மில்லு ஓடுறப்பத்தான். ஞாயித்துக்கெழம ஒண்ணும் செய்யாது."

முருகேசன் டெஸ்டர் வைத்தது மில் நின்ற பிறகு! மற்றவர்கள் குழாயடிக்குச் செருப்போடு போகிறவர்கள். அக்கா மட்டும் வெறுங்காலோடு, ஈரத்தில்.

பாய் மீட்டரின் ஒரு ஒயரைக் குழாயிலும் இன்னொன்றை மண்ணிலும் வைத்தார். நாற்பது வோல்ட்டுக்கு மேல் காட்டியது. மில்லை நிறுத்தச் சொன்னார். பூஜ்யம்.

மில் மோட்டாரில் கரண்ட் கசிகிறது; வீட்டுக் குழாயும் மில்லின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுத்தான் வருகிறது. கசிவது எர்த் ஒயர் வழியாக மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை? டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் இருந்த எர்த் குழியின் மூடியைத் தூக்கினார். உள்ளே போட்ட கரியும் உப்பும் காய்ந்து பாளமாகிக் கிடந்தன. ஒயர் மாட்டிய இடம் துருவேறி, தொட்டதும் கையோடு வந்தது.

"இதுக்குத் தண்ணி ஊத்துறது யாரு?"

அக்காதான் மெதுவாகச் சொன்னாள். "அவுகதான் ஊத்துவாக. வெள்ளிக்கெழமைக்கு ரெண்டு வாளி. செடியும் இல்ல, கொடியும் இல்ல, எதுக்கு ஊத்துறீகன்னு கேட்டா சிரிப்பாக."

பாய் கையோடு வந்த ஒயரைக் கீழே போட்டார். பிறகு, "நம்ம மண்ணு காஞ்சுபோச்சுன்னா கரண்ட உள்ள வாங்காதுக்கா. போக எடமில்லாம கொழா வழியா ஒங்க கைக்கு வந்திருக்கு" என்றார். இன்னும் கொஞ்சம் கசிந்திருந்தால் அம்மாவைப் பார்த்திருக்க முடியாது என்று முருகேசனிடம் தனியாகச் சொன்னாராம். அவன் அன்று சாப்பிடவே இல்லை.

மோட்டாரைக் கழற்றி, உள்ளே கம்பிச்சுருளைப் புதிதாகச் சுற்ற அனுப்பினார்கள். புதிதாக எர்த் குழி தோண்டி, பைப் இறக்கி, புது ஒயர் மாட்டினார்கள். மூன்றாம் நாள் மில் ஓடியது. பாய் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "இனி தொடுங்கக்கா" என்றார்.

அக்கா தொட்டாள். பிடித்தாள். தண்ணீர் பாட்டுக்கு ஓடுகிறது... குழாயை விடாமல் நின்று அழுதாள்.

"எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சோன்னு நானே நெனைக்க ஆரம்பிச்சிட்டேன் தம்பி."

'எப்பெப்ப' — ஒரே ஒரு கேள்வி. அதை டாக்டர் கேட்கவில்லை, மகன் கேட்கவில்லை, கூடப் பிறந்த நான் கேட்கவில்லை. பிரியம் இல்லாமலா? நிறைய இருந்தது. பிரியம் இருந்தால் போதும், காது கொடுக்க வேண்டாம் என்று எப்போது முடிவு செய்தோம்?

கிளம்பும்போது, மன்னித்துக்கொள் என்றேன்.

"அதெல்லாம் விடு. இனிமே நான் ஒண்ணு சொன்னா மொதல்ல முழுசாக் கேளு. பெறகு பேப்பர்ல எழுதிக்கோ" என்றாள் அக்கா.