ஃபவ்ரினுத் என்று ஒரே ஒருவர்: குரோருட்டிலிருந்து பியோர்ண்டால் வரை

ஒஸ்லோ நகரத்துக்குள்ளேயே இருபத்திரண்டு கிலோமீற்றர் போய்விட்டு அதற்கொரு பயணக் கட்டுரையா என்று நீங்கள் சிரிக்கலாம். மலை இல்லை, பனிப்பாறை இல்லை, போடுவதற்கு ஒரு நல்ல படம்கூட இல்லை. ஆனால் இந்தத் தூரத்தைக் கடக்க எனக்குப் பதினாறு வருடம் பிடித்தது. முதலில் அந்தக் கதை. பஸ் நேரமெல்லாம் பிறகு வரும்.

1987இல் நான் நோர்வேயில் வந்து சேர்ந்த ஊர் பாட்ஸ்பியோர்ட். வடக்கே, ஒரு மரம்கூட முளைக்காத கரையில் உள்ள மீன்பிடி ஊர். மீனை முள் நீக்கித் துண்டு போடும் தொழிற்சாலையில் வேலை. எனக்கு வலப்பக்கம் நின்று வேலை செய்தவர் ஆல்தோ, இத்தாலிக்காரர், ஐம்பத்தைந்து வயது. குளிரில் விறைத்த கையில் கத்தி நிற்காமல் நான் தடுமாறிய முதல் மாதம் முழுவதும், தன் பெட்டியோடு என் பெட்டியையும் நிரப்பியவர். இரண்டு பேருக்கும் தெரிந்தது உடைந்த நோர்ஸ்க் மொழி மட்டும். இரண்டு பேரும் பிழை பிழையாகக் கதைத்ததால் ஒருவர் சொன்னது மற்றவருக்கு நன்றாகவே விளங்கியது.

ஆல்தோ பதினாறு வயதில் வீட்டை விட்டுக் கப்பலேறியவர். இடையில் ஒஸ்லோவில் கல்யாணம் செய்து, ஒரு மகளும் பிறந்து, அந்தக் குடும்பத்தையும் விட்டுவிட்டு மறுபடி கப்பலேறியவர். அவருக்கு ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் முதலில் தொலைபேசிப் புத்தகத்தை எடுத்துத் தன் குடும்பப் பெயரைத் தேடுவார். ஊர், வருடம், எத்தனை பேர் என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்பார். பெரும்பாலும் பூச்சியம்தான். புவனோஸ் அயர்சில் மூன்று என்று வந்தபோது, தேடிப் போய்க் கப்பலையே தவறவிட்டாராம். இத்தாலிக்குள் எண்ணக்கூடாது என்பது அவர் வைத்த சட்டம், அது கள்ள விளையாட்டாம்.

"ஒண்டு எண்டால் பயம், சிவா. ரெண்டு எண்டு கண்டால்தான் நித்திரை வரும்" என்பார்.

பாட்ஸ்பியோர்ட் தபால் கந்தோரில் நோர்வே முழுவதற்குமான புத்தகங்கள் இருக்கும். ஒவ்வொரு வருடமும் புதுப் புத்தகம் வந்ததும் ஆல்தோ போய்ப் பார்ப்பார். ஒருமுறை நானும் கூடப் போனேன். எதையோ பார்த்தார், கொப்பியில் குறித்தார், திரும்பும் வழியில் எனக்குப் பன்னும் கோப்பியும் வாங்கித் தந்தார். அன்று முழுவதும் வேலையில் பாட்டுப் பாடிக்கொண்டே நின்றார். ஏனென்று நான் கேட்கவில்லை.

1989 மாரியில் அவருக்கு நெஞ்சில் வருத்தம் வந்தது. விமானத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்பு, அந்தக் கொப்பியைப் பொலித்தீனில் சுற்றிக் கட்டி என் கையில் தந்தார். "ஒஸ்லோவுக்குப் போனால் என்ரை மகளிட்டைக் குடு. பேர் லீசா." அதற்குமேல் கதைக்க அவரால் முடியவில்லை. அவர் திரும்பி வரவில்லை.

அடுத்த வருடம் நான் ஒஸ்லோவுக்கு வந்தேன். வந்த கிழமையே தேடத் தொடங்கினேன். இங்கேதான் நம்மவரைத் தவிர வேறு யாரும் விடமுடியாத பிழையை விட்டேன். தொழிற்சாலை அட்டையில் அவர் பெயர் ஆல்தோ ஃபவ்ரினுத். என் அட்டையில் சிவநேசன் கந்தையா. கந்தையா என் அப்பா. ஆகவே ஃபவ்ரினுத் என்பது ஆல்தோவின் அப்பா பெயர் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். என் மகள் தர்சினி சிவநேசன் என்றால், அவர் மகள் லீசா ஆல்தோதானே? அப்படித்தான் தேடினேன். அந்தப் பெயரில் புத்தகத்தில் யாரும் இல்லை. கல்யாணம் செய்து புருஷன் பெயரை எடுத்திருப்பா என்று நினைத்து, கொப்பியை என் சூட்கேசுக்குள் வைத்தேன். அடுத்தவர் பொருள் என்று கட்டை அவிழ்க்கவும் இல்லை.

சில வருடங்களில் நோர்வேஜியர் பெயர் வைக்கும் முறை எனக்கு விளங்கிவிட்டது. விளங்கிய அன்றே பிழையும் விளங்கியிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், விளங்கியது. ஆனால் இவ்வளவு காலம் கழித்து எந்த முகத்தோடு போவது என்ற வெட்கத்தில் சூட்கேசை நான் திறக்கவே இல்லை.

போன செப்டெம்பரில் வீட்டுக்குப் பெயின்ற் அடித்தபோது, சாமான் ஒதுக்கிய தர்சினி அந்தக் கட்டைக் கண்டாள். மேலே எழுதியிருந்த பெயரைப் பற்றிக் கேட்டாள். முழுவதையும் சொன்னேன்.

"அப்பா, ஆல்தோ அவரின்ரை சொந்தப் பேர். ஃபவ்ரினுத் எண்டதுதான் எத்தர்நாவ்ன், குடும்பப் பேர். மகளுக்கும் அதுதானே வரும்?"

"எனக்குத் தெரியும் பிள்ளை."

"தெரிஞ்சுமோ இவ்வளவு நாள் வைச்சிருந்தனீங்கள்?"

அவள் கணினியில் தொலைபேசி எண் தேடும் பக்கத்தைத் திறந்து பெயரைத் தட்டினாள். முழு நோர்வேக்கும் ஒரே ஒருவர்: லீசா ஃபவ்ரினுத், பியோர்ண்டால், ஒஸ்லோ. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பெயர் எங்கிருந்து வந்தது என்றும் அன்றே தேடினோம். இத்தாலியில் எந்தக் குடும்பப் பெயர் எந்தெந்த ஊரில் இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டும் தளங்கள் இருக்கின்றன. இந்தப் பெயருக்கு வடகிழக்கு மூலையில், மலையடிவாரத்தில், பெருவிரலால் மறைக்கக்கூடிய இடத்தில் சில புள்ளிகள் மட்டும். அந்தப் பக்கத்துப் பேச்சில் சின்னக் கொல்லன் என்று அர்த்தமாம். எப்போதோ உலை ஊதிய ஒருவருடைய தொழில், அவர் பிள்ளைகளுக்கெல்லாம் பெயராக நின்றுவிட்டது. அதை ஆல்தோ உலகம் முழுக்கப் பெருமையோடு தேடித் திரிந்திருக்கிறார். எங்கள் ஊரில் தொழிலைப் பெயரோடு சேர்த்தால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் மறைக்கப் பார்ப்பதை அவர்கள் கதவில் எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகு கந்தையா என்று தட்டிப் பார்த்தேன். வரிசையாக வந்தார்கள். ஒருவரும் எனக்குச் சொந்தமில்லை.

லீசாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். உங்கள் அப்பா தந்த ஒரு பொருள் என்னிடம் இருக்கிறது என்றேன். "எனக்கு அப்பா எண்டு ஒருத்தரும் இல்லை" என்று வைத்துவிட்டார். (அவர் கதைத்தது நோர்ஸ்க். எனக்கு ஞாபகத்தில் நிற்பது எங்கள் பாஷையில், அதனால் அப்படியே எழுதுகிறேன்.) இரண்டு நாள் கழித்து அவரே எடுத்தார். "சனிக்கிழமை ஒரு மணிக்கு வாங்கோ. அரை மணித்தியாலம்தான்."

இனிப் பயணம். 2006 ஒக்டோபர், சனிக்கிழமை. வெறுங்கையோடு போகக்கூடாது என்று மனைவி பன்னிரண்டு றோல்ஸ் பொரித்துப் பெட்டியில் வைத்துத் தந்தார். காலை 11.31க்கு எங்கள் வீட்டுப் பக்கத்துக் குரோருட் நிலையத்தில் சுரங்க ரயில். வெளியூரிலிருந்து வருபவர்கள் ஒருநாள் சீட்டு வாங்கிவிடுங்கள். அறுபது குரோனர்தான், ரயில், பஸ், ட்ராம் எல்லாவற்றுக்கும் செல்லும். பத்து கிலோமீற்றர் தள்ளி நகர மத்தியில் இறங்கும்போது 11.50. வெளியே வந்து பியோர்ண்டால் பஸ்ஸுக்குப் பதினைந்து நிமிடம் காத்திருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. குடையை வீட்டில் விட்டுவிட்டுக் கொப்பியை மட்டும் இரண்டு பைக்குள் போட்டுக் கொண்டு வந்திருந்தேன்.

பஸ் சாரதி தமிழர், திருகோணமலைக்காரர். முன் சீற்றில் இருந்த என்னைக் கண்ணாடியில் பார்த்து, "அண்ணன் ஆர்ர வீட்டுக்குப் போறீங்க?" என்றார்.

"தமிழ் வீடு இல்லைத் தம்பி. இத்தாலிப் பேர்."

"அப்ப சுகம். பெல்லில ஒரு பேர்தான் இருக்கும். எங்கட ஆக்கள்ர வீட்டில புருசனுக்கு ஒரு பேர், பெஞ்சாதிக்கு ஒரு பேர், புள்ளைகளுக்கு வேற பேர். தபால்காரன் பாவம்."

பஸ் முழுக்கச் சிரித்திருக்கும், தமிழ் தெரிந்திருந்தால். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பன்னிரண்டு கிலோமீற்றர், இருபத்தெட்டு நிமிடம். 12.33க்கு இறங்கினேன். தரிப்பிடத்திலிருந்து வீடு எட்டு நிமிட நடை. நோர்வேஜியர் வீட்டுக்கு நேரத்துக்கு முந்திப் போவதும் பிந்திப் போவதைப் போலவே பிழை என்பதால், காட்டோரமாக இரண்டு சுற்று நடந்து, சரியாக ஒரு மணிக்கு மணியை அழுத்தினேன். மணிப் பலகையில் அந்த ஒரு பெயர்தான் இருந்தது.

கதவைத் திறந்தவருக்கு ஆல்தோவின் மூக்கும் நெற்றியும் அப்படியே இருந்தன. வயது நாற்பத்தாறு. சிரிக்கவில்லை. கோப்பி ஊற்றி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். நான் கட்டை மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"இது எப்ப தந்தவர்?"

"எண்பத்தொன்பதிலை. சாக முதல்."

"அரசாங்கத்திலை இருந்து ஒரு கடிதம் வந்தது, செத்திட்டார் எண்டு. வேறை ஒண்டும் வரேல்லை. ஏன் இவ்வளவு காலம்?"

சாக்குச் சொல்ல வழியிருந்தது. சொல்லவில்லை. லீசா ஆல்தோ என்று தேடியது, பிறகு விளங்கியது, விளங்கியும் வெட்கத்தில் கிடந்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

"என்ரை அப்பா சாகேக்கை என்னை நினைக்கவே இல்லை எண்டு இத்தனை வருஷமா நம்பிக்கொண்டு இருந்தனான்" என்றார். "அது உங்கட பிழை."

"ஓம்" என்றேன். "என்ரை பிழைதான்."

லீசா எழும்பிப் போய்க் கத்தரிக்கோல் எடுத்துவந்து கட்டை வெட்டினார். முதல் பக்கங்களில் நான் கேள்விப்படாத துறைமுகங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே பூச்சியம். அவர் எண்களைப் பார்த்தும் விளங்காமல் நிமிர்ந்தார். நான் அந்தப் பழக்கத்தைச் சொன்னேன். புவனோஸ் அயர்ஸ் கதைக்கு அரைவாசி சிரித்தார். பின் பக்கங்களில் ஊர்கள் குறைந்துகொண்டே வந்தன. கடைசிப் பக்கத்தில் ஒரே ஊர்தான். ஒஸ்லோ 1978, பூச்சியம். ஒஸ்லோ 1979, பூச்சியம். ஒஸ்லோ 1980, பூச்சியம். ஒஸ்லோ 1981, ஒன்று.

அந்த வரியில் விரலை வைத்தார். "எண்பத்தொண்டிலைதான் நான் தனிய வீடு எடுத்து ரெலிபோன் எடுத்தது. அம்மா என்ரை பேரைத் தன்ரை பேருக்கு மாத்தினவ. நான் திரும்பவும் ஃபவ்ரினுத் எண்டு மாத்தி, புத்தகத்திலை போடச் சொன்னனான். அவர் தேடினால் காணவேணும் எண்டு."

அதற்குக் கீழே 1982, ஒன்று. 1983, ஒன்று. அப்படியே 1989 வரை வருடம் தவறாமல் ஒன்று. நான் பன் சாப்பிட்ட வருடமும் அதில் இருந்தது.

"கண்டிருக்கிறார்" என்றார் லீசா. "ஒவ்வொரு வருஷமும் கண்டிருக்கிறார். ஒருக்காலும் ரெலிபோன் எடுக்கேல்லை." அழுதார். நானும் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. ஆல்தோ தொலைபேசி எடுக்காததும் நான் போகாததும் ஒரே வெட்கம்தான் என்று அப்போது பட்டது.

அரை மணித்தியாலம் என்றவர் நாலு பத்துக்குத்தான் என்னை விட்டார். தொழிற்சாலையில் அப்பா எங்கே நின்றார், என்ன பாடினார், எந்தக் கையால் கத்தி பிடித்தார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். றோல்ஸில் மூன்று சாப்பிட்டார், மிச்சத்தைப் பெடியங்களுக்கு என்று எடுத்து வைத்தார். இரண்டு மகன்கள், மூத்தவனுக்குப் பத்தொன்பது, தனி வீடு தேடுகிறான். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இதே மாதிரித் தேடலுக்கு ஒஸ்லோ வருபவர்களுக்குச் சில விடயங்கள். முதலில் தொலைபேசி எடுங்கள், சொல்லாமல் போய்க் கதவு தட்டாதீர்கள். அவர்கள் தொலைபேசியை வைத்துவிட்டால் இரண்டு நாள் பொறுத்திருங்கள். சனிக்கிழமைகளில் பஸ் குறைவு, திரும்பும் நேரத்தை இறங்கும்போதே தரிப்பிடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் தேடுகிற ஆள் நோர்வேஜியரோ இத்தாலியரோ என்றால் கடைசிப் பெயரைப் பிடித்துப் போங்கள், அரிய பெயராக இருந்தால் ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். தமிழர் என்றால் பெயரால் பலனில்லை, ஊரைச் சொல்லி நாலு பேரிடம் விசாரியுங்கள். உங்கள் சூட்கேசிலும் யாருடைய பொருளாவது கிடந்தால், வெட்கத்தோடேயே எடுத்துக்கொண்டு போங்கள். அது வீட்டில் இருந்தபடி தீர்கிற வெட்கம் இல்லை.

இதை எழுதி வைத்து மூன்று மாதம் ஆகிவிட்டது. இன்று இணையத்தில் ஏற்றுவதற்கு முன் முகவரி சரிதானா என்று பார்க்க அந்தப் பெயரை மறுபடி தட்டினேன். லீசாவுக்குக் கீழே மூத்த மகனின் பெயர், குரோருட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு முகவரி. உடனே லீசாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"தெரியும்" என்றார். "கொப்பியிலை எழுதிப்போட்டன். ஒஸ்லோ 2007, ரெண்டு."