எழுபத்திரண்டு மணி நேரமும் ஒரு டாக்டரும்

நாலு மாதம் முன்பு ஒரு திங்கட்கிழமை காலை. கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னான் அருள். என்னைவிட இளைய நண்பன். மெடிக்கல் ரெப். டாக்டர்களிடம் நாள் முழுக்க மாத்திரை பற்றிப் பேசுவதுதான் வேலை. ஆண்களை விரும்புகிறவன் என்பது எனக்குப் பத்து வருடமாகத் தெரியும்.

"சனிக்கிழமை சென்னையில ஐஸ் எடுத்தேண்ணே."

"தொண்டை கட்டிக்கிச்சா?" என்றேன். உலகமே தெரிந்த பத்தி எழுத்தாளன் அல்லவா நான்!

ஐஸ் என்றால் மெத் எனும் போதைப்பொருளாம். ஒரு ரூமில் நாலு ஆண்கள். தூக்கமில்லை, பசியில்லை, பயமில்லை... காண்டமும் இல்லை. பயம் மட்டும் ஞாயிறு சாயங்காலம் வந்திருக்கிறது.

"எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சா எச்.ஐ.வி.யைத் தடுக்க முடியும்ணே."

"தெரிஞ்சுக்கிட்டேவா இங்கிட்டு நிக்கிறே?"

"இந்தப் பக்கம் எல்லா டாக்டருக்கும் என்னைத் தெரியுமே..."

அவனைத் தெரியாத ஒரு தனியார் டாக்டரைத் தேடிப் பிடித்து, விஷயத்தைச் சொன்னோம்.

"எத்தனை பொண்ணுங்க?" என்றார் அவர்.

"பொண்ணுங்க இல்லீங்க சார். ஆம்பளைங்க."

டாக்டர் சட்டென்று மாஸ்க்கை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டார். எச்.ஐ.வி. காற்றில் வருமா? எந்தக் காலேஜில் படித்தாரோ!

"மொதல்ல ஒரு கல்யாணத்தைப் பண்ணுங்க தம்பி. எல்லாம் சரியாப் போயிரும்."

விட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். எங்கோ நிம்மதியாக இருக்கும் ஒரு பெண்ணையும் இழுத்துவிடுகிற வைத்தியம்!

வெளியே வந்ததும், "வீட்டுக்குப் போறேண்ணே," என்றான் அருள். எனக்கு வந்த சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. அவனைப் பைக்கில் ஏற்றி, நேரே புதுக்கோட்டை அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன்.

அங்கே கவுன்சலர் ஓர் அம்மா. தக்காளி விலை விசாரிப்பது போலக் கேட்டார்: "என்னைக்கு நடந்துச்சு? காண்டம் போடலையா? ஐஸை ஊசியா எடுத்தீங்களா, புகையாவா?"

"புகைங்க."

"சரி. இன்னும் நேரம் இருக்கு. மாத்திரை தர்றோம், இருபத்தெட்டு நாள் விடாமச் சாப்பிடணும். சிபிலிஸுக்கும் டெஸ்ட் எடுத்துருவோம். ஐஸை விடணும்னா சொல்லுங்க, மனநல டாக்டர்கிட்ட அனுப்புறேன். விட முடியலைன்னாலும் டெஸ்ட்டுக்கு வாங்க, என்ன?"

அருள் அழுதுவிட்டான். டாக்டர் முன்னால் வராத கண்ணீர்.

போன வாரம் கடைசி டெஸ்ட் ரிசல்ட் வந்தது. எச்.ஐ.வி. இல்லை. ஐஸ்? நடுவில் ஒருமுறை சறுக்கினான். மறைக்கவில்லை... மறுநாளே பஸ் பிடித்துப் போய் அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டான்.

"திட்டினாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே. சாப்பிட்டீங்களான்னு கேட்டாங்க."

திட்டுவதற்குத்தான் ஊரே இருக்கிறதே!