முன்னால் யார் வயல்?

மூன்று வருடத்துக்கு முன்பு, தை மாதக் கடைசியில் நடந்தது. எங்கள் ஊர் வலங்கைமானிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம்தான்.

நான் எட்டாவது வரை படித்தவன். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். வேலை இல்லாத நேரம் போனில் வீடியோ பார்ப்பேன். அப்படித்தான் புரோகிராம் எழுதுகிற பைத்தியம் பிடித்தது. பழைய லேப்டாப் ஒன்று வாங்கினேன். முதல் புரோகிராம் என் பெயரைப் பத்து தடவை எழுதிக் காட்டியது. அவ்வளவுதான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தனை சந்தோஷம்.

எங்கள் ஊருக்கு அறுவடை மெஷின் வந்தால் சண்டையும் கூடவே வரும். யாருக்கு முதலில் என்று. அந்த வருடம், வரிசையை நான் போட்டுத் தருகிறேன் என்றேன். என்ன நெல், என்றைக்கு நட்டீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டேன். நாற்பத்தோரு பேர். எல்லாவற்றையும் புரோகிராமில் ஏற்றினேன். எது முதலில் விளையும் என்று பார்த்து அதுவே வரிசை போட்டது. கண் இமைக்கிற நேரம்கூட ஆகவில்லை. எழுந்து நின்று கை தட்டினேன். கடையில் வேறு யாரும் இல்லை.

ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். ஒரு சண்டை இல்லை. "கம்ப்யூட்டரே போட்டுடுச்சு, அப்புறம் என்ன" என்றார்கள். டீக்கடையில் எனக்கு நகர்ந்து இடம் விட்டார்கள். எனக்குக் கால் தரையில் இல்லை.

வரிசையில் முதல் பெயர் ஒரு அக்காவுடையது. குத்தகைக்கு மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம் வைத்திருந்தார். வருடம் முழுக்க வீட்டுச் சாப்பாடு அந்த நெல்தான். சீக்கிரம் விளைகிற ரகம். கதிர் பழுத்துத் தலை சாய்ந்து நின்றது.

மெஷின் காலையில் வந்தது. ஆத்தூர் பக்கத்து டிரைவர். அக்கா வயலைக் காட்டினேன். அவர் வாய்க்கால் கரையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"என்னங்கண்ணா, வண்டிய தலைல தூக்கிக்கிட்டா போறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காவுடையது உள் வயல். முன்னால் ரோட்டோரம் இன்னொருவர் வயல். அதில் பயிர் அறுக்காமல் நிற்கிறது. பின்னால் பெரிய வாய்க்கால். மெஷின் போக வழியே இல்லை.

எங்கள் பக்கம் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மெஷின் ரோட்டோர வயலில் இறங்கி, அறுத்துக்கொண்டேதான் உள்ளே போகும். உள் வயல் முந்தி விளைந்துவிட்டால் ஆள் வைத்துக் கையால் அறுப்பார்கள். நானும் சேற்றில் வளர்ந்தவன்தான். லேப்டாப் முன்னால் உட்கார்ந்ததும் மறந்து போனேன். திரையில் நாற்பத்தோரு வயலும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. எதுவும் எதையும் மறைக்கவில்லை.

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். "கம்ப்யூட்டர்ட்ட சொல்லி வண்டிக்கு ரெக்க கட்டச் சொல்லுடா" என்றான் ஒருத்தன்.

அக்கா சிரிக்கவில்லை. "அறுக்க ஆளுங்கள சொல்லி வச்சிருந்தேன் தம்பி. லிஸ்ட்டுல மொதல்ல என் பேரு வந்துச்சுன்னு வேணாம்னு சொல்லிட்டேன். அதுங்க வேற ஊருக்குப் போயிடுச்சுங்க."

"உள் வயலுன்னு உங்களுக்குத் தெரியுமேக்கா" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"தெரியும். கம்ப்யூட்டரு ஏதோ வழி பாத்துத்தான் போட்டிருக்கும்னு நெனச்சேன்."

கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சாயங்காலத்துக்குள் மழை என்று எல்லோர் போனிலும் வந்திருந்தது. அந்தக் கதிர் மழையில் படுத்தால் எழுந்திருக்காது. தண்ணீரிலேயே முளைத்துவிடும்.

முன் வயல்காரர் வலங்கைமான் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற பாய். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தவர். பைக்கை விரட்டினேன்.

"பாய், ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"யாரு மோட்டார எரிச்ச?"

"மோட்டார் இல்ல பாய். ஒரு அக்காவோட நெல்லு." எல்லாவற்றையும் சொன்னேன்.

"உன் லிஸ்ட்டுல நான் எத்தனாவது?"

"இருபத்தெட்டு."

"சரிதான். என் நெல்லு இன்னும் அஞ்சாறு நாள் நிக்கணும். அதுல உன் கம்ப்யூட்டர் கெட்டி." சட்டென்று எழுந்தார். "வண்டிய எடு."

வயலில் இறங்கி ஒரு கதிரை உருவினார். ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தார்.

"வரப்போரமா ஒரு வண்டி அகலம் அறுத்துக்கிட்டு உள்ள போங்க."

"பச்சையா இருக்கே பாய். ஒங்களுக்கு நஷ்டமாச்சே" என்றார் அக்கா.

"அவல் இடிச்சுக்கிறேன்க்கா. ஊட்டுல தெனமும் அவலான்னு கேட்டா, இவன் கடைக்கு அனுப்பி வைக்கிறேன்."

டிரைவர் விசில் அடித்துக்கொண்டே ஏறினார். பாயின் பயிரில் ஒரு பட்டை அறுத்தார். நான் மண்வெட்டியை வாங்கி நடு வரப்பை வெட்டிச் சரித்தேன். கம்பி சுற்றிப் பழகிய கை. நாலு வெட்டில் கொப்பளம். வலி தெரியவில்லை. மெஷின் அந்தச் சரிவில் ஏறி ஆடி அக்கா வயலுக்குள் இறங்கியது. கூட்டம் கத்தியது. சத்தியமாக, எந்தக் கிரிக்கெட் மேட்சையும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

சுற்று சுற்றாகக் கதிர் குறைந்தது. காற்று எழும்பிவிட்டது. நாலு சுற்று பாக்கி. மூன்று. கடைசிச் சுற்றில் முதல் தூறல் என் மூக்கில் விழுந்தது. நெல்லை டிராக்டர் பெட்டியில் கொட்டியதும் தார்ப்பாயைப் பிடித்து இழுத்தோம். ஒரு மூலை நான், ஒரு மூலை பாய். மற்ற இரண்டு மூலையும் காலையில் சிரித்தவர்கள். கயிறு முடிந்தோம். மழை கொட்டியது. நனைந்துகொண்டே எல்லோரும் சிரித்தோம். இந்தத் தடவை நானும்.

அக்கா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். "அடுத்த வருசமும் லிஸ்ட்டு போடு தம்பி. ஒரு தடவ வயல நடந்து பாத்துட்டுப் போடு."

நடந்தேன். நாலு நாள், நாற்பத்தோரு வயல். புரோகிராமில் ஒரே ஒரு கேள்வி சேர்த்தேன். முன்னால் யார் வயல்? அதற்கு ஒரு பெயர் பதிலாக வந்தால், அந்தப் பெயருக்கு முதலில் மெஷின். முன் வயல் விளையாமல் நின்றால், ஆள் வைத்து அறுக்கவும் என்று உள் வயல்காரர் பெயருக்குப் பக்கத்தில் வந்துவிடும். அந்தக் கேள்வியோடு வரிசை சரியாக வந்து நின்றபோது மறுபடி எழுந்து கை தட்டினேன். படித்தவர்கள் இந்த வேலைக்கு ஒரு பெரிய பெயர் வைத்திருக்கிறார்களாம். பின்னால் ஒரு வீடியோவில் பார்த்தேன். அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை.

அந்த முதல் வரிசையை நான் வாயால் சொல்லியிருந்தால் நாற்பத்தோரு பேரும் சண்டைக்கு வந்திருப்பார்கள், தப்பு அங்கேயே தெரிந்திருக்கும். கம்ப்யூட்டர் சொன்னதால் ஒருவரும் கேட்கவில்லை. அதனால் இப்போது புதிதாக எது எழுதினாலும் முதலில் டீக்கடையில் காட்டி, திட்டு வாங்கிக்கொண்டுதான் குரூப்பில் போடுகிறேன்.

அந்தப் பைத்தியம் இன்னும் குறையவில்லை. ஆனால் லேப்டாப்பைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும், அறுக்காத பயிர் முன்னால் மெஷினை நிறுத்திவிட்டு அந்த டிரைவர் என்னைப் பார்த்த பார்வைதான் முதலில் வந்து நிற்கிறது.