காலிக் கலனில் வந்த வாயு

துடியலூரில் எங்கள் பட்டறைக்குப் பம்புசெட் வேலை வற்றிப்போன வருஷம் அது. நிலக்கரிப் படுகைகளில் எவ்வளவு வாயு இருக்கிறது என்று கணக்கிடும் மெட்ராஸ் அதிகாரி ஒருவர், மாதிரிக்கு ஓர் இரும்புக் கலன் செய்யச் சொன்னார். துளைத்தெடுத்த நிலக்கரியை உடனே அதற்குள் போட்டு மூடுவார்கள். கரியிலிருந்து வரும் வாயுவைக் குழாய் வழியே, தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த கண்ணாடி ஜாடிக்குள் விடுவார்கள். தண்ணீர் எவ்வளவு இறங்குகிறதோ அதுதான் வாயுவின் அளவு. கலன் தேறினால் பெரிய ஆர்டர். தேறாவிட்டால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

முதல் சோதனை காலிக் கலனுக்கு. நிலத்தடிச் சூட்டுக்கு ஈடாக வெந்நீர்த் தொட்டியில் இறக்கி, சூடு நிலைத்தபின் ஜாடியில் மட்டத்தைக் குறித்துவிட்டுப் போனோம். அது அசையக் கூடாது. காலையில் பார்த்தால் தண்ணீர் பாதி ஜாடிக்கு இறங்கியிருந்தது. குழாய் முனையில் குமிழ்கள் உற்சாகமாக வந்துகொண்டிருந்தன. அதிகாரி அந்த வாயுவில் கொஞ்சம் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டினார். நிலக்கரி வாயுவென்றால் பற்றி எரியும்; இதில் குச்சி அணைந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் கலனைப் பார்த்தேன்.

போல்ட்டுகளைக் கழற்றி மூடியைத் திறந்ததும் புளித்த வாழைப்பழ வாடை முகத்தில் அடித்தது. அடியில் ஒரு வெற்றிலை, அதன்மேல் நுரைத்துப் பொங்கிய பஞ்சாமிர்தம்.

என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"நாந்தானுங்க வெச்சேன். சென்னிமலைப் பிரசாதம். ஊட்டை உட்டு வெறும் பாத்திரம் போலாமுங்களா?"

முந்தின நாள் நான் ரப்பர் வளையம் எடுக்கப் போன நேரத்தில் வைத்து, மூடியையும் போட்டுவிட்டிருக்கிறாள். திரும்பி வந்த நான் மூடியைத் தூக்கி வளையத்தை மாட்டினேன், குனிந்து பார்க்கவில்லை. வெறுமையாக இருப்பதுதான் சோதனையே என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன், சிரிப்புதான் வந்தது.

அதிகாரி தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "எத்தனையோ படுகை பார்த்துட்டேன் சார். இவ்வளவு சுறுசுறுப்பா ஒண்ணைப் பார்த்ததில்லை."

"அப்ப கலன் பாஸுங்களா?" என்றாள் அவள்.

என் கையிலிருந்த ஸ்பேனர் தொட்டிக்குள் விழுந்தது. மூன்று பேரும் சிரித்து ஓய வெகுநேரமாயிற்று.

கலனைக் கழுவிக் காயவைத்து மறுபடி இறக்கினோம். மறுநாள் காலை மட்டம் நூலளவும் அசையவில்லை. அதிகாரி அங்கேயே ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். மனைவி பஞ்சாமிர்தம் நிரப்பிக் கொடுத்த தூக்குப்போசியை வாங்கிக்கொண்டு, இந்தப் படுகையை ஊர் போய்ச் சேருமுன் காலி செய்துவிடுவதாகச் சொன்னார்.

அந்த ஆர்டரின் கலன்கள் எல்லாம் வெறுமனே போகாமல், கழுத்தில் மனைவி கட்டிவிட்ட மஞ்சள் கிழங்கோடுதான் லாரி ஏறின. ஒவ்வொன்றுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்த பிறகே நான் மூடியைப் போட்டேன்.